இருட்டுவதற்குள் வீடு

சோபாவுக்கு மெத்தை வைத்துத் தைக்கிற குஷன்காரருக்குக் கடைத்தெருவில் கோழி என்று இன்னொரு பெயரும் உண்டு. அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலை முடிந்து வீடு திரும்புகிற ஆட்கள் நாலு கடை ஏறி விலை விசாரிக்கிற நேரம் சாயங்காலம்தான். மற்ற கடைக்காரர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அந்த அருமையான நேரத்தில் இவர் மட்டும் ஷட்டரை இறக்கிவிட்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருப்பார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், நாளைக்குக் காலையில் வாங்க என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். கோழி கூட்டுக்குக் கிளம்பிடுச்சு என்று எதிர்க்கடையில் சிரிப்பார்கள்.

இந்தப் பழக்கம் அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்தது. குடும்பத்தில் இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, ஊர் சுற்றல் இல்லை. பொழுது சாய்ந்தால் வீட்டில் இருக்கிற ஆம்பளைகள். வீட்டுக்குள்ளும் ஒரு சட்டம் இருந்தது. போட்ட சாமான் போட்ட இடத்தில் இருக்க வேண்டும். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினாலும் அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவார். எப்பேர்ப்பட்ட ஒழுங்கான குடும்பம் என்று வந்துபோகிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

ஒழுங்காவது மண்ணாவது. அந்தக் குடும்பத்து ஆட்களுக்கு இருட்டினால் கண் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி.

குஷன்காரருக்கு இது தெரியவந்தபோது அவருக்கு இருபது வயது இருக்கும். மழை மூட்டம் போட்ட ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வருகிற வழியில் சாக்கடைப் பள்ளத்தில் காலை விட்டு முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அப்பா காயத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டுபோய், எனக்கும் அப்படித்தான், என் அப்பாவுக்கும் அப்படித்தான் என்றார். வெளியே மூச்சு விடக்கூடாது, விட்டால் ஒருத்தன் வேலை கொடுக்க மாட்டான், ஒருத்தன் பெண் கொடுக்க மாட்டான் என்றார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்பதுதான் அவர் சொன்ன வைத்தியம்.

அப்பாவுக்குப் பிறகு கடை வந்தது, கனத்த கத்தரிக்கோல் வந்தது, சோபா தைக்கிற வளைந்த ஊசிகள் வந்தன, ஊரில் நல்ல பெயர் வந்தது. அவற்றோடு இந்த ரகசியமும் வந்தது, வாங்கி வைத்துக்கொண்டார். மனைவி கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் மின்சாரம் போனபோது மனிதர் நடுக்கூடத்தில் அசையாமல் நின்றதை அவள் பார்த்திருந்தாள். கேட்டதற்கு ஏதோ பூசி மெழுகினார். அவளும் புகுந்த வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள், வாயாடி. சின்ன வயதிலிருந்தே அந்தி நேரமானால் எதிலாவது போய் இடித்துக்கொள்வாள். படியில் தடுக்குவாள், தண்ணீர் வாளியை உதைத்துக் கவிழ்ப்பாள். ஒவ்வொரு தடவையும் அவர், கண்ணு எங்க இருக்கு, பொடனியிலயா என்று கத்துவார். அவருடைய அப்பா அவரைத் திட்டிய அதே வார்த்தைதான். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படி யார் சொன்னார்கள் என்று கேட்டால் ஒருத்தரும் சொல்லவில்லை. நம்புவதற்குச் சௌகரியமாக இருந்தது, நம்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் இந்த இடத்தில் அவர்மேல் கோபம் வராமல் இருக்காது.

மகள் வளர்ந்து, பட்டப்பகலில் வண்டி ஓட்டிக்காட்டி உரிமம் வாங்கினாள். கடையில் தைத்து முடித்த சோபாக்களைப் பழைய வேனில் ஏற்றிப் பகலிலேயே கொண்டுபோய் இறக்குவதும் அவள்தான். அப்படி இருக்கும்போது ஒரு நாள், பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது, திங்கள்கிழமை சேரப்போகிறேன் என்று வந்து நின்றாள். காலையில் பிள்ளைகளை ஏற்றிப் போக வேண்டும். சாயங்கால வகுப்பு முடிந்து இருட்டுகிற நேரத்தில் வீடு வீடாக இறக்கிவிட வேண்டும்.

 சாயங்காலம் வேண்டாம் என்றார் குஷன்காரர். ஏன் என்றாள். பெண் பிள்ளைக்கு இருட்டில் வண்டி எதற்கு என்று ஒரு சொத்தைக் காரணம் சொன்னார். உங்க கோழிப் புத்தியை என்கிட்டயும் காட்டாதீங்க என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேன் நிறையப் பிள்ளைகள் கண்முன்னால் வந்தும்கூட அதை மென்று விழுங்கினார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு சோபா கொடுக்க வேண்டியிருந்தது. மத்தியானமே கிளம்பினார்கள். போன இடத்தில் மாடிப்படி வளைவில் சோபா திரும்பவில்லை. இறக்கி, காலைக் கழற்றி, மறுபடி தூக்க வேண்டியதாயிற்று. மேலே போனதும் அந்த வீட்டு அம்மாள் ஒரு மூலையை அமுக்கிப் பார்த்து, இங்கே நுரை மெத்தை கல்லாட்டம் இருக்கிறது என்றாள். தையலைப் பிரித்து, நுரையை இழைத்து, ரெக்சினை மறுபடி இழுத்துத் தைத்தார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்தால் வானம் சாம்பல் நிறமாகிவிட்டது. வேனை இங்கேயே விட்டுவிடலாம் என்றார் குஷன்காரர். விட்டுவிட்டு நடந்தா போவது என்று மகள் கேட்டாள். அவர் ஏறி உட்கார்ந்தார்.

தெரு விளக்கு இன்னும் எரியவில்லை, பழைய வேனின் முன்விளக்கும் மங்கல். மகள் மெதுவாக ஓட்டினாள். அப்புறம் இன்னும் மெதுவாக, மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி குனிந்துகொண்டு ஓட்டினாள். அவர் பக்கத்தில் சீட்டு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மசமசப்புதான். திடீரென்று இடதுபக்கம் டமாரென்று சத்தம் வந்தது, வேனின் பக்கக் கண்ணாடி நொறுங்கியது, ஒரு ஆள் அலறினான். மகள் பிரேக்கை மிதித்தாள்.

ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு தள்ளுவண்டி. வண்டிக்காரன் கீழே உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசி நொடியில் காலை இழுத்துக்கொண்டதால் தப்பித்தான். எழுந்து வந்து வேன் கதவைத் தட்டினான்.

"கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

தெருவில் யார் யாரையும் கேட்கிற கேள்விதான் அது, பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. மகள் ஸ்டியரிங்கை விடவே இல்லை. குஷன்காரர் அவள் பக்கம் திரும்பினார். முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு அவருக்குப் பழக்கமானது. இருபது வயதில் சாக்கடைப் பள்ளத்தில் நின்றபோது அவர் விட்ட அதே மூச்சு.

"தெரியலங்க," என்றார். "இருட்டினா எனக்குக் கண்ணு தெரியாது. என் பொண்ணுக்கும் தெரியாது. எங்கப்பாவுக்கும் தெரியாது."

சண்டைக்கு வந்தவன் வேன் கதவைத் திறந்தான்.  இறங்குங்க, வீடு எங்கே என்று கேட்டான். வேனை அங்கேயே விட்டுவிட்டு, அவன் தள்ளுவண்டியைத் தள்ள, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்பா நடக்க, அப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டு மகள் நடக்க, மூன்று பேரும் கடைத்தெரு வழியாகவே வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் மகள் சொன்னாள்:

"எனக்குக் கண்ணு தெரியாதது உங்க தப்பில்லப்பா. நான் ஒரு மக்குன்னு நினைச்சுக்கிட்டே இத்தனை வருஷம் வளர்ந்தேனே, அது உங்க தப்பு."

அதற்கப்புறம் வெகுநாள் அவள் அவரோடு பேசவில்லை. பள்ளிக்கூட வேலையைத் தானாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கண் ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூடவே வந்தாள். பரம்பரை நோய், பார்வை வருஷக்கணக்கில் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டு வரும், தடுக்க இப்போதைக்கு மருந்தில்லை, பிறக்கிற பிள்ளைக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் விளக்கினார். இவ்வளவையும் தெரிந்துகொள்ள நாலு தலைமுறை ஆயிற்றே என்று குஷன்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அப்பா வழிச் சொந்தம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பகல் நேரத்தில் போய் விஷயத்தைச் சொன்னார். சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். செத்துப்போன பெரியப்பா மானத்தை ஏன் வாங்குகிறாய் என்று சித்தப்பா மகன் அடிக்காத குறையாக விரட்டினான். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதுதான் மகள் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சு அங்கிருந்து திரும்ப ஆரம்பித்தது.

அவள் கடைக்கே வந்து துணி வெட்டுகிற மேசையைப் பிடித்துக்கொண்டாள். வரிசையாகக் குழல் விளக்கு மாட்டி, படி விளிம்புக்கெல்லாம் வெள்ளை வண்ணம் அடித்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, வந்தவர்களிடம் முதலில் தன் கண்ணைப் பற்றித்தான் பேசினாள். இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார்கள். மூன்றாவதாக வந்த எலக்ட்ரீசியன், அப்ப வீட்டுக்கு எத்தனை லைட் வேணும் என்று கேட்டான். அவனையே கட்டிக்கொண்டாள்.

பேத்தி பிறந்தாள். அவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்த அன்று குஷன்காரர் சாப்பிடவில்லை. மகள் அழுதாள். அழுது முடித்து, பிள்ளைக்குப் புரிகிற வயது வந்ததும் அவளிடமே எல்லாவற்றையும் சொன்னாள்.

பேத்திக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு நாள் தாத்தாவும் பேத்தியும் வண்ணப் பென்சில் வாங்கக் கடைக்குப் போனார்கள். எந்த டப்பா வேண்டும் என்று அவள் தீர்மானிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வெளியே வந்ததும் குஷன்காரருக்குப் பழைய பதற்றம் தொற்றிக்கொண்டது.  சுவரைத் தடவிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் போய்விடலாமா என்று அவர் யோசிப்பதற்குள், பேத்தி எதிரே காலடிச் சத்தம் கேட்ட பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, எனக்கும் தாத்தாவுக்கும் இருட்டுல கண்ணு தெரியாது. கொஞ்சம் கை குடுக்குறீங்களா? வீடு பக்கத்துலதான்."

வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு பெண். பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஆளுக்கு ஒரு கையைக் கொடுத்தாள். பேத்தி தான் வாங்கிய பென்சில்களில் என்னென்ன நிறம் இருக்கிறது என்று அவளிடம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் நடந்த குஷன்காரர் கண்ணீரைத் துடைக்கவில்லை. இந்தக் குழந்தைக்கும் வந்துவிட்டதே என்ற துக்கம் அவருக்கு ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை. ஆனால் இதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.