மிச்சமான சிவப்பு நூல்கள்

சுனாமிக்கு அடுத்த வருடம் செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பதினோராம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். நிவாரணச் சாமான்களோடு ஒரு பெட்டி கம்பளி நூலும் வந்திருந்தது. மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளி அனுப்பிய புண்ணியவான் யாரோ, அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, நூலைத் துண்டு துண்டாக வெட்டி நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், ஆக்கினேன். சிவப்பு தாயினுடையது, நீலம் தகப்பனுடையது. இரண்டிலும் இருபத்துமூன்று சோடி. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சோடியிலும் ஒரு நூலை எடுத்துச் சேர்த்தால் பிள்ளை.

வகுப்பில் பாதிப் பேர் சிவப்பு நூல் நாற்பத்தாறையும் அள்ளி வைத்துக்கொண்டு, நீலத்தைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார்கள்.

"நாங்க அம்மாட குடிதானே ரீச்சர்?"

எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாகத்தான் வரும். கோயில் உரிமைக்கும் கலியாணப் பேச்சுக்கும் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் எனக்குப் பொறுமை குறைவு. "நான் இங்க குடி கேக்கல்ல. அப்பா என்ன, வேலிக்கட்டையா?" என்று ஏசிவிட்டு, மேசை மேசையாகப் போய்ப் பாதிச் சிவப்பு நூலை நானே பிடுங்கினேன்.

ஒருத்தி மட்டும் கையை இறுக மூடிக்கொண்டாள். விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இந்த மிச்சம் எங்க போகும் ரீச்சர்?"

"எங்கயும் போகாது. உனக்கு வரல்ல, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கடல் வந்த அன்று அவளுடைய தாய், கைக்குழந்தையை மதில்மேல் நின்றவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரோடு போனவர். ஒரு படம்கூட மிஞ்சவில்லை. குழந்தை தன்னாமுனையில் சின்னம்மாவிடம் வளர்ந்தது. "தங்கச்சியாலதான் அம்மா போன" என்று இவள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் இப்படிப் பிரிந்தே போய்விடுமோ என்று தகப்பன் என்னிடம் வந்து அழுதிருக்கிறார். இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த விரல்களைப் பிரித்தேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

மற்றவர்களை இடைவேளைக்கு விட்டுவிட்டு அவளருகில் உட்கார்ந்தேன். அவளுக்கு வந்த சிவப்பு நூல்களில் மையால் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் மறுபடி சோடி சேர்த்தேன்.

"இப்ப தங்கச்சிக்கு எடு."

கண்ணை மூடி எடுத்தாள். புள்ளி வைத்தவை சில வந்தன. முதலில் மிஞ்சிக் கிடந்தவையும் நிறைய வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"எனக்கிட்ட இல்லாத அம்மா அவக்கிட்ட இரிக்காவா?"

"இரிக்கா மகள்."

இருவருக்கும் வராத நூல்களை நான் மெதுவாக உள்ளங்கைக்குள் ஒதுக்கிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவளே தகப்பனைக் கேட்டுத் தன்னாமுனைக்குப் போனாள். திங்கட்கிழமை காலை கொட்டகை வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். தங்கச்சியைத் தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்களாம். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளுமாம், அம்மாவுக்கும் அப்படித்தானாம். மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, என் முகத்தையே பார்த்தாள்.

"மிச்சம் முழுக்க அவக்கிட்டதானே ரீச்சர்? ஒண்டும் விடுபடல்லத்தானே?"

சோதனைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் பிழை போட்டிருப்பேன். தாயிடம் இருந்ததில் கால்வாசியளவு இரண்டு பிள்ளைகளுக்குமே வராமல் தண்ணீரோடு போயிருக்கும்.

"ஓம் மகள், ஒண்டும் விடுபடல்ல" என்றேன்.