கண்ணாடிக்கு நான் செய்த முதலுதவி

போன வாரம் ஒரு கண்ணாடியின் உயிரைக் காப்பாற்றப் போனேன். நன்றாக இருந்த கண்ணாடி!

போளூரில் புது வீடு. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். பூஜையறைக் கதவுக்குப் பூவேலைக் கண்ணாடி மட்டும் பாக்கி. "ரெடியான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்று புதன்கிழமை மனைவி விரட்டினாள்.

ஜவ்வாது மலைமேல் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் தொழிற்சாலை. முதலாளி, மேஸ்திரி எல்லாம் வேடியம்மாள்தான். மேஜையில் கிடந்த கண்ணாடியைக் காட்டினார். மேலே ஏதோ வெல்லப்பாகு மாதிரி தடவியிருந்தது.

"இதான் சார் உங்களுது. வஜ்ஜிரம் காய்ச்சித் தடவிக்கீது. நாளைக்குள்ள பூ எடுத்துடும்."

வஜ்ஜிரம் என்றால் தச்சர்கள் மரம் ஒட்டுகிற பசை. அது எப்படிப் பூ எடுக்கும்? கேட்டால் கௌரவம் போய்விடுமே... எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

வேடியம்மாளுக்கு போன் வந்தது. பேசுகிற அளவுக்கு சிக்னல் வெளியே புளியமரத்தடியில்தான். போய்விட்டார்.

நான் செல்ஃபி எடுக்க மேஜையில் முழங்கையை ஊன்றினேன்.

டிக்!

கையை எடுத்தேன். டிக்... டிக்... படபடபட! கண்ணாடியிலிருந்து சில்லுகள் பொரி மாதிரி துள்ளின.

போச்சு! நகர்ந்து நின்று, ஜன்னல் வழியே மலையை ரசித்தேன். சத்தம் நிற்கவில்லை. பதற்றத்துக்கு ஒரு குணம் — மூளையை லீவில் அனுப்பிவிட்டுக் கையை ஓவர்டைம் பார்க்கச் சொல்லும். சூட்டில்தான் வெடிக்கிறது என்று கை முடிவு செய்தது. பாட்டில் தண்ணீரைக் கண்ணாடி நடுவில் அப்படியே கவிழ்த்தேன்.

சத்தம் அடங்கியது. ஆஹா, என்ன சமயோசிதம்!

"அய்ய! இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க?" வாசலில் வேடியம்மாள்.

"உடைஞ்சிட்டிருந்துதும்மா... காப்பாத்திட்டேன்."

"கிழிச்சீங்க! வஜ்ஜிரம் காயக் காய சுருங்கி, கண்ணாடித் தோலைப் பிச்சிக்கினு வரும் சார். அதான் பூவு. வெடிச்சாதான் வேலை! இப்ப ஊறிப்போச்சே..."

"மறுபடி தடவினா?"

"ஞாயித்துக்கெயம ஆவும்."

"ஐயோ, வெள்ளிக்கிழமை ஃபங்ஷன்!"

"அப்ப நாளைக்கு மிச்சம் பூ எடுத்ததும் இதையே எடுத்துக்கினு போங்க. தண்ணி பட்ட எடத்துல பூ வராது. வூட்ல கேட்டா எம்பேரைச் சொல்லிடாதீங்க."

வெள்ளிக்கிழமை கதவு மாட்டியாகிவிட்டது. சுற்றிலும் பனி படர்ந்தாற்போல இலை இலையாய் அற்புதமான பூக்கள். நடுவில் பூசணிக்காய் சைஸில் மொட்டை. மனைவி கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

காப்பாற்றியவர் என் சென்னைச் சகலை. "அட, இது என்ன டிசைன்?" என்றார்.

"மாடர்ன்" என்றேன். போட்டோ எடுத்துக்கொண்டு, தொழிற்சாலை விலாசமும் வாங்கிக்கொண்டார்.

நேற்று புளியமரத்தடியிலிருந்து போன்.

"சார், உங்க சகலை அதே மாதிரி வோணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. எவ்ளோ தண்ணி சார் ஊத்துனீங்க?"