வாழைத் தோட்டத்தில் கூப்பிட்டது யார்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில், ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். சேரன்மகாதேவியில் எங்கள் கொல்லைக்குப் பின்னால் வாழைத் தோட்டம். அதைத் தாண்டினால் ஆறு. அண்ணன் கொழும்பில் வியாபாரம் செய்துவந்தான். வீட்டில் அம்மா, மதினி, அவளுடைய கைக்குழந்தை, நான். எல்லாரும் பெண்கள்தான்.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அதே வாரம் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. விடியற்கருக்கலிலும் அந்தியிலும், யாரோ ஆளைக் கூப்பிடுவது போல இரட்டைச் சீழ்க்கை. போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "சத்தம் மட்டுந்தான் கேக்கும், உருவம் கண்ணுல படாது. அது ஒரு உசிரைக் கேக்குது தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து மதினி சோற்றில் கை வைக்கவில்லை. காய்ச்சல் இறங்குகிறது, தாய்ப்பால் மட்டும் குறையக்கூடாது என்றார் வைத்தியர். மதினிக்கு அது காதில் ஏறவே இல்லை. பால் வற்றத் தொடங்கியது. குழந்தை முட்டி முட்டி அழுதது.

பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த அழுகையைப் பொறுக்க முடியாமல், ஒருநாள் விடியலில் சத்தம் கேட்டதும் மதினியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்க மதினி, என்னதான்னு பாத்துருவோம்."

"எனக்குப் பயமா இருக்குட்டி" என்றாள். ஆனாலும் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஈரச் சருகில் பைய நடந்து, ஒரு வாழை மூட்டுக்குப் பின்னால் குந்தினோம். சத்தம் நின்றுவிட்டது. கொசு பிடுங்கியது. அசையாமல் இருந்தோம். நன்றாக வெளிச்சம் வந்தபோது எதிரே சருகு புரண்டது. மதினி என் தோளை இறுக்கினாள்.

ஒரு குருவி! மைனா அளவுகூட இல்லை. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், நெஞ்சு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணில் பட்டையாக மை தீட்டியது போல ஒரு கறுப்பு. மொட்டை வாலை ஆட்டிக்கொண்டே புழுவைத் தேடி விழுங்கிற்று. பிறகு தலையை அண்ணாந்து அலகைத் திறந்தது. அதே சீழ்க்கை!

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஏலே, இம்புட்டுப் போல இருந்துக்கிட்டு நீயாலே என்னைய இந்தப் பாடு படுத்துன?"

குரல் கேட்டதும் அது புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழையதைப் பிழிந்து வைக்கச் சொல்லி, வட்டிலை வழித்துச் சாப்பிட்டாள். பைய பைய பால் சுரந்தது. குழந்தையின் முகம் தெளிந்தது. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூப்பிடும் அந்தக் குருவியை ஆறுமணிக் குருவி என்பார்கள் என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்கும் யாராவது கண்ணால் காணாத ஒன்றைச் சொல்லி வீட்டில் பயத்தைக் கிளப்பினால் நான் வாதாடுவதில்லை. போய்ப் பார்த்துவிட்டே வருவோம் என்று அவர்களையும் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.