எமிலி அக்காவின் சாட்சிப் பொட்டலம்

செய்தி வந்தபோது நம் தச்சநல்லூர் மசாலாக் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். அரவை மெஷினருகே மாலதி. பொட்டலம் ஒட்டும் மேசையில் பாத்திமா. சரக்கு ஏற்ற வேன் கொண்டுவந்திருந்த செல்வராஜ் அண்ணாச்சி. கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், சிவகாமி. வேறு யாரும் இல்லை. நம் கூடத்து உறுப்பினர்கள் எல்லாரிடமும் இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

அண்ணாச்சிக்குத்தான் போன் வந்தது. பேசி முடித்துவிட்டுத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். "எமிலியம்மா போயிட்டாவளாம். நெஞ்சுவலியாம். சாயங்காலமே அடக்கமாம்," என்றார். மாலதி மெஷினை நிறுத்தினாள். அப்போதுதான் அரைத்த சாம்பார் பொடி வெள்ளைத் துணியில் சூடு ஆற விரித்துக் கிடந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அவசரம். அந்தப் பொடியையும் பொட்டலம் கட்டி ஏற்றினோம். அதே வேனில் பாளையங்கோட்டைக்குப் போனோம். அங்கே ஆலயத்தில் எல்லாரும் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. கைகூப்பி நின்று, என் சாமியிடமே அக்காவுக்காகச் சொன்னேன்.

அக்கா நூல் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் பெண்கள் சேர்ந்து இந்தக் கூடத்தைத் தொடங்கியபோது மேற்பார்வைக்கு வந்தார். வந்த அன்றே ஒரு புது வழக்கம் போட்டார். ஒவ்வொரு அரவையிலும் முதல் பொட்டலம் விற்பனைக்குப் போகக் கூடாது. தேதி எழுதி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். வெளியிலிருந்து குறை வந்தால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"மொத நாளே எங்க மேல சந்தேகமாக்கா?" என்று மாலதி குத்தலாகக் கேட்டாள்.

"ஒங்க மேல என்னத்துக்குடி சந்தேகம்? பொடி மேலதான். நம்பிக்கைய சாமி மேல வையி. பொடிய மோந்து பாரு," என்றார் அக்கா.

எனக்கு அது பிடிக்கவில்லை. விற்க வேண்டிய சரக்கைப் பூட்டி வைத்தால் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? வீட்டுக்குக் கொண்டுபோக வழி பார்க்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அக்காவோ அலமாரிச் சாவியை எல்லார் கண்ணிலும் படும்படி ஆணியில் மாட்டினார். இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது. அந்தப் பொட்டலத்துக்குச் சாட்சி என்று பெயர் வைத்தது பாத்திமா.

ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மல்லிப் பொடி பல்லில் நறநறக்கிறது என்று ஒரு மெஸ்ஸிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொடியைச் சலிப்பது பாத்திமாவின் வேலை. எல்லாரும் அவளைத்தான் பார்த்தோம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா சாட்சிப் பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் வைத்தார். அதிலும் மண். யார் சலித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசையிலிருந்து சல்லடைக்கு, சல்லடையிலிருந்து வறுக்கும் அடுப்புக்கு, அங்கிருந்து மொட்டை மாடிக்கு என்று பின்னோக்கி நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். பக்கத்து மனையில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். காற்று அதை அள்ளி, காயப் போட்ட மல்லியின் மேல் தூவிக்கொண்டிருந்தது. நைசு மணல்; சல்லடையில் நிற்காது. அன்றிலிருந்துதான் நாம் மல்லியைத் துணி போட்டு மூடிக் காய வைக்கிறோம்.

படி இறங்கும்போது அக்கா என்னிடம் சொன்னது: "யாருன்னு கேட்டேன்னு வையி, எல்லாரும் வாய மூடிக்கிடுவாவ. எங்கன நடந்துச்சுன்னு கேளு, கூட வந்து தேடுவாவ."

இட்லிப் பொடியில் உப்பு கரித்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா எல்லாரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு சிட்டிகை கையில் கொடுத்தார். "எங்கன தப்பு நடந்துச்சு தெரியுமா? ஏங் கிட்டதான். போன் பேசிக்கிட்டே உப்ப ரெண்டு தடவ போட்டுட்டேன்," என்றார். நம் வாயைத் திறக்க வைக்க அவர் போடும் நாடகம் என்றே நான் அன்றும் நினைத்தேன். ஆனால் மறுநாளிலிருந்து உப்புப் போடும்போது அக்கா போனை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாடகம் ஆடுகிறவர் அப்படி நாள் தவறாமல் செய்யமாட்டார்.

இனி, காரணத்துக்கு வருகிறேன். போன வாரம் சேரன்மகாதேவிக் கடையிலிருந்து சாம்பார் பொடியில் பூசண வாடை வருகிறது என்று சொன்னார்கள். அக்கா இறந்த அன்று அரைத்த பொடி அது. கடையில் பிரித்து வைத்து ஈரம் பட்டதா, நாமே சூடு ஆறுமுன் கட்டிவிட்டோமா என்று தெரியவில்லை. மீதியெல்லாம் ஒரு மாணவியர் விடுதிக்குப் போயிருக்கிறது. அவர்கள் பழைய பொடியோடு சேர்த்து டின்னில் கொட்டிவிட்டார்களாம். சமைக்க வேண்டாம், வேறு பொடி தருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கே கெட்டது என்று சொல்ல இருப்பது நம் சாட்சிப் பொட்டலம் ஒன்றுதான்.

அலமாரியைத் திறந்தேன். அதற்கு முந்தைய அரவையின் பொட்டலம் இருக்கிறது. பிந்தையதும் இருக்கிறது. அன்றையதை மட்டும் காணோம். அத்தனை அவசரத்திலும் பாத்திமா அதை உள்ளே வைத்ததை நான் பார்த்தேன்.

எலி இழுத்திருக்கும் என்கிறாள் மாலதி. பூட்டைத் திறக்கிற எலியை நான் கண்டதில்லை. செல்வராஜ் அண்ணாச்சி, தனக்கு வேன் ஓட்ட மட்டுந்தான் தெரியும் என்று யாரும் கேட்காமலே சொல்கிறார். பாத்திமா அலமாரிப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். அதுவும் எனக்கு உறுத்துகிறது. அவர்களும் என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள். மறுநாள் வந்த மற்ற உறுப்பினர்களுக்கும் ஆணி இருக்கும் இடம் தெரியும். தினமும் விளக்கேற்றும்போது, இந்தச் சந்தேகத்தை என் மனதைவிட்டு எடுத்துவிடு என்றுதான் வேண்டுகிறேன். இன்னும் போகவில்லை.

எடுத்தவர் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்கமாட்டார் என்றும் தோன்றுகிறது. அக்காவின் சாவுக்கு ஓடிய அவசரத்தில், அக்கா கற்றுத் தந்த வேலையிலேயே தப்பு வந்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் அக்காவுக்கு அவமானம் என்று நினைத்திருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அக்கா இருந்திருந்தால் அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் பிரித்திருப்பார். உப்பு விஷயத்தில் தன்னையே விட்டுவைக்காதவர், தன் சாவு நாளில் நடந்த தப்பையா விட்டுவைப்பார்?

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய அந்த ஒரு கேள்விதான். 'யாரு' என்பது என் நாக்கு நுனியில் நிற்கிறது. அதை விழுங்கிவிட்டுக் கேட்கிறேன். யார் எடுத்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது? மெஷின் நின்று கிடக்கிறது. அடுத்த அரவைக்கு மல்லி வறுக்குமுன் பதில் சொல்லுங்கள்.