அம்மாவின் தையல் மிசினுக்குப் பதினோராவது லைட்

மார்ச் 14, சனிக்கிழமை, பின்னேரம் 6.10. விசுவமடுவில் எங்கள் புது வீட்டில் விளக்குகள் மொத்தம் பதினொன்று. பதினோராவதை இப்போதுதான் பூட்டி முடித்தேன். கையில் இன்னும் சீமெந்துத் தூசி.

முதல் பத்தையும் பற்றிப் பெருமையாக இங்கே படம் போட்டிருந்தேன், நினைவிருக்கும். அந்தப் பெருமையை இன்றைக்கு வாபஸ் வாங்குகிறேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு விளக்கு. மண்ணெண்ணெய் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது... ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் தொங்கும் நூல்திரி. அம்மா அதை மிசினின் இடது பக்கத்தில் வைப்பார். அதற்குப் பின்னால் அப்பாவின் சவரக் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார். ஒரு சுடர் இரண்டாகத் தெரியும். அந்த வெளிச்சத்தில்தான் ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் தைத்தார்.

யுத்தம் முடிந்து மீளக்குடியேறிய பிறகு கரண்ட் வந்தது. ஆனால் நாங்கள் லைனின் கடைசி வீடு. பின்னேரம் ஏழு மணியானால் ஊரே சுவிட்சைப் போடும், எங்கள் பல்ப் மஞ்சளாகிச் சோர்ந்துபோகும். குறைந்த கரண்டில் பிரிட்ஜ் பழுதாகிவிடும் என்று அம்மா உடனே எழும்பிப் போய் அதை நிறுத்துவார். மஞ்சள் வெளிச்சம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்... வோல்ட்டேஜ் காணாது, போதவில்லை.

இதெல்லாம் தெரிந்த நான், எலக்ட்ரிக்கல் டிப்ளோமா முடித்த நான், புது வீட்டுக்கு என்ன வாங்கினேன்? ஹோலுக்குக் கறுப்பு இரும்புக் கூட்டுக்குள் மண்ணிறக் கண்ணாடிக் குண்டு மூன்று. சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் லைட் இரண்டு. குசினிக்கு நடு சீலிங்கில் ஒன்று. மிச்சம் நான்கும் அறைகளுக்கும் விறாந்தைக்கும். எல்லாம் வார்ம் வைட், மஞ்சள் சாயல் வெளிச்சம். போனில் படம் பார்த்துத் தெரிவு செய்தேன். வெளிச்சக் கணக்கு ஒன்றும் போடவில்லை.

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் தங்கச்சி சிரித்தாள்.

"அண்ணா, ஹோட்டல் மாதிரிக் கிடக்கு. சாப்பிட்டு முடிய பில் வருமோ?"

அம்மா எழும்பிப் போய் பிரிட்ஜை நிறுத்தினார்.

"ஏனம்மா நிப்பாட்டினீங்கள்?"

"கரண்ட் காணாது தம்பி. லைட் மஞ்சளாக் கிடக்கு."

"ஐயோ, இது கரண்ட் பிரச்சினை இல்லை. இதுதான் இப்ப ஸ்டைல். உங்களுக்கு விளங்காது."

'உங்களுக்கு விளங்காது.' அப்படியேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அம்மா லைட்டைப் பற்றிக் கதைக்கவே இல்லை. பகலில் சமையலும் தோட்டமும், தைப்பது எப்போதும் பின்னேரம்தான். மூன்று கிழமை போனது. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது வாசல் படலையடியில் அம்மாவின் குரல் கேட்டது. பக்கத்து வளவு அக்காவின் பிளவுஸ் துணியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆரிட்டையும் குடு பிள்ளை. எனக்கு இப்ப ஊசிக் கண்ணே தெரியுதில்லை."

நான் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பெரியம்மாவுக்கும் அதே சீனிதான், கடைசியில் இரண்டு கண்ணும் போனது. முதலில் அவரும் இதையேதான் சொன்னார்... ஊசிக் கண் தெரியவில்லை என்று.

அடுத்த கிளினிக் நாளே லீவு போட்டு அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கு மருந்து விட்டு இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருத்தினார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது, அன்றைக்கு மணிக்கூட்டைக்கூடப் பார்க்கவில்லை.

டொக்டர் லைட் அடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"சீனியால கண்ணுக்கு ஒரு சேதமும் இல்லை அம்மா. கிட்டப் பார்க்கிற கண்ணாடி மட்டும் கொஞ்சம் மாத்துங்கோ."

நான் அம்மாவின் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது அவர் கேட்டார்:

"அதுசரி, என்ன வெளிச்சத்தில தைக்கிறனீங்கள்?"

அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"மகன் போட்ட லைட் டொக்டர். நல்ல வடிவான லைட்."

காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இருட்டியதும் போனில் வெளிச்சம் அளக்கும் ஆப்பை இறக்கி, ஊசியடியில் வைத்தேன். நாற்பது லக்ஸ். தையலுக்கு அது எந்த மூலைக்கும் காணாது. குசினியிலோ லைட் அம்மாவின் முதுகுக்குப் பின்னால், மரக்கறி வெட்டும் பலகையில் அவருடைய நிழலே விழுகிறது. மூன்று கிழமை இந்த இருட்டில் இருந்துவிட்டு, பிழை தன் கண்ணில் என்று அம்மா நம்பியிருக்கிறார். பிழை என்னில்.

இன்றைக்கு வாங்கியது வளைக்கக்கூடிய கையுள்ள வெள்ளை லைட். பார்வைக்கு ஒரு வடிவும் இல்லை. சுவரில் துளை போட முதல் கேட்டேன்:

"எங்கையம்மா பூட்ட?"

அம்மா யோசிக்கவே இல்லை. மிசினின் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். ஜாம் போத்தல் இருந்த அதே பக்கம்.

சுவிட்சைப் போட்டேன். நூலை நாக்கில் நனைத்தார், ஊசியிடம் கொண்டுபோனார். முதல் தரமே உள்ளே போய்விட்டது.

"பாத்தியே! என்ரை கண்ணில பிழை இல்லையெண்டு அப்பவே சொன்னனான்."

அவர் அப்படிச் சொல்லவேயில்லை.

அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம், மண்ணெண்ணெய்ப் புகையும் வேண்டாம். ஆனால் அன்றைக்கு இருந்த ஒற்றை விளக்கு, கை வேலை செய்யும் இடத்தில் இருந்தது. அந்தச் சவரக் கண்ணாடி எந்த இடப்பெயர்வில் தொலைந்ததோ தெரியவில்லை...

இனிச் செய்யவேண்டியவை:

1. நாளைக்குக் குசினி அலுமாரியின் அடியில், பலகைக்கு நேர் மேலே, வெள்ளை ஸ்ட்ரிப் லைட் பூட்டுவது.

2. இரும்புக் கூட்டு லைட்டுகளை விறாந்தைக்கு மாற்றுவது. தங்கச்சி படம் எடுக்கட்டும்.

3. செவ்வாய்க்கிழமை அம்மாவின் புதுக் கண்ணாடியை எடுப்பது.

4. பிரிட்ஜைத் திரும்பப் போடுவது. ஹோல் லைட் மஞ்சளாக எரிவதைப் பார்த்துச் சற்று முன்னர் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

5. பக்கத்து வளவு அக்காவிடம் போய் அந்தப் பிளவுஸ் துணியைத் திருப்பிக் கேட்பது. அம்மா கேட்கமாட்டார். நான்தான் போகவேண்டும். இப்போதே போகிறேன்.