இரண்டாவது முடிச்சு

சத்தியபாமாவிடம் எதைக் கேட்டாலும் ஓம் என்பாள். பசிக்கிறதோ? ஓம். பசி இல்லையோ? அதற்கும் ஓம். புருஷன் போன பிறகு அவள் வாயில் மிஞ்சியிருந்த சொல் அது ஒன்றுதான்.

புருஷன் மகேந்திரராஜா மெல்பேர்னில் ஒரு கந்தோரில் வரைபடம் கீறும் வேலை பார்த்தவர். எழுபத்தேழாம் ஆண்டு தை மாதம், அந்த நாட்டுக் கோடையின் கொளுத்தும் வெயிலில், ரயில் நிலையத்து மேடையில் சாப்பாட்டுப் பெட்டியோடு விழுந்தவர் எழும்பவில்லை. அப்போது மெல்பேர்னில் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு வீட்டுக் குசினிக்குள் அடக்கிவிடலாம். எல்லோரும் செத்த வீட்டுக்குப் போனோம். அழுவதற்குத் தயாராகவே போனோம். அவளோ எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி, யார் யாருக்குச் சீனி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். மூளை பிசகிவிட்டது என்றார்கள் மற்றவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கடல் தாண்டினாலும் அந்த வாய் எங்களோடு கூடவே வந்துவிடுகிறது.

நான் எதிர் வீட்டுக்காரி. கொஞ்சம் வாய்க்காரியும்தான். பிரன்ஸ்விக்கில் ஒரு கன்வஸ் பட்டறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவள் துணியைப் பார்த்துக்கொண்டு பட்டறையில் இருக்கட்டும் என்று முதலாளி ஹொலிஸிடம் சொல்லி அவளையும் சேர்த்துவிட்டேன். வேலைக்கு வாறீரோ என்று கேட்டபோதும் ஓம் என்றுதான் சொன்னாள்.

அந்த ஓம்தான் அவளைக் கிணற்றில் தள்ளப் பார்த்தது. மகேந்திரராஜாவின் தம்பி சிறிதரன் சிட்னியில் டொக்டர். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். தமையனைப் பறிகொடுத்த துக்கத்தில் எதையாவது ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தவித்தவன், கடைசியில் அண்ணியை ஒழுங்குபடுத்தத் தொடங்கினான். தனியாக ஒரு பெண் இந்த நாட்டில் எப்படி இருப்பது, யாழ்ப்பாணத்துக்குப் போய் அம்மாவோடு இருப்பதுதான் முறை என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெலிபோனில் சொல்வான். இவள் ஓம் என்பாள்.

போக விருப்பமோ என்று ஒருநாள் அவளைப் பிடித்துவைத்துக் கேட்டேன். 

"அங்க போனா, விமலாக்கா, அவற்ற படத்துக்குக் கீழ கிடக்கிற கதிரையாத்தான் நான் இருப்பன்," என்றாள்.

அதை அவனிடம் சொல்லும் என்றேன். ஓம் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாய் இருந்தது, உள்ளே ஆள்தான் இல்லை. யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவள், என்னைவிட நல்ல இங்கிலீஷ்காரி. அவ்வளவும் எங்கே போனதோ தெரியவில்லை.

பட்டறையில் லொறியை மேலே மூடும் படங்கு தைப்போம், கூடாரம் தைப்போம். குளிர்காலம் தொடங்கும் முன் ஒரு சறுக்குச் சங்கத்துக்கு வாசல்கள் செய்து கொடுப்போம். பனிமலையில் சறுக்கி வருகிறவர்கள் வளைந்து வளைந்து புகுந்து போக வாசல் வேண்டுமாம். நேரே இறங்கி வீட்டுக்குப் போனால் என்ன என்று கேட்டு ஹொலிஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாசல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மூங்கில் தடி, நடுவில் தலையணை உறை அளவில் ஒரு துணி. ஒன்று சிவப்பு, அடுத்தது நீலம். துணியின் ஒரு பக்கத்தை உறைபோல மடித்துத் தைத்திருக்கும், அதற்குள் ஒரு தடி போகும். மறுபக்கத்தில் மேலும் கீழும் நாடா. அந்த நாடாக்களை மற்றத் தடியில் கட்ட வேண்டும். கட்டுவதில்தான் சூட்சுமம். சறுக்கி வருகிறவர் தவறி மோதினால் ஒரே இழுவையில் முடிச்சு அவிழ்ந்து துணி விலக வேண்டும். துணி விலகாவிட்டால் ஆளுக்குத்தான் சேதம். ஹொலிஸ் தன் பெரிய விரல்களால் கட்டிக் காட்டினார், இழுத்துக் காட்டினார், விளங்கியதா என்று கேட்டார். பாமா ஓம் என்றாள். மெஷின் சத்தத்தில் பாதிக் காது போன மனிதர், தலையாட்டலைப் பார்த்துத் திருப்தியாகப் போனார்.

அவள் விரல்கள் கெட்டிக்கார விரல்கள். கட்டினாள், பாய் சுருட்டுவது போலச் சுருட்டினாள், அடுக்கினாள். அவள் கட்டியதை அவளுக்குப் பிறகு யாரும் தொடவில்லை. லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

ஹொலிஸ் காட்டிய முடிச்சு எங்களுக்குப் புதிதல்ல, உள்பாவாடை நாடாவுக்கு நாங்கள் போடும் முடிச்சேதான். ஒரு காதை வளையமாக விட்டுக் கட்டினால் நுனியை இழுத்ததும் அவிழும். ஆனால் அந்த ஒற்றை முடிச்சை நம்பி எங்களில் எவள் வீட்டுப் படலையைத் தாண்டுவாள்? வீட்டுக்குள் என்றால் பரவாயில்லை. வெளியே புறப்பட்டால் அதன் மேல் இன்னொரு முடிச்சு விழும். யாரும் யோசித்துப் போடுவதில்லை, கை தானாகப் போடும். பன்னிரண்டு முழச் சேலையும் ஒரு பெண்ணின் மானமும் அந்த இரண்டாவது முடிச்சில்தான் தொங்குகின்றன. பாமாவின் கையும் தானாகவே போட்டது. முதல் முடிச்சு ஹொலிஸுடையது, இரண்டாவது முடிச்சு எங்களுடையது.

ஆடி மாதம் மலையிலிருந்து ரெலிபோன் வந்தது. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் வாசலில் மோதியிருக்கிறாள். துணி விலகவில்லை. பெண்ணும் தடியும் துணியுமாக ஒன்றாய்ச் சுருண்டு உருண்டு போயிருக்கிறார்கள். கால் முறிந்துவிட்டது.

ஹொலிஸ் அந்தச் சிவப்புத் துணியைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். முடிச்சு அப்படியே இருந்தது, ஊசி கொண்டு குத்தினாலும் அவிழாது. கட்டியது யார் என்று கேட்டார். ஐந்து பெண்கள் கட்டிய வேலை, ஒவ்வொருத்தியும் அடுத்தவளைப் பார்த்தாள். எனக்கு அந்த முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள், முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது.

அந்த முகத்தைக் கண்டு ஹொலிஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு வருத்தத்தோடு சொன்னார்: பாவம் அந்தப் பெண், உடம்பு சரியில்லையா என்றேன், உனக்கு என்ன வேண்டும் என்றேன், எல்லாவற்றுக்கும் ஹோம், ஹோம் என்றே சொன்னாள். அதனால் சிட்னிக்கு ரெலிபோன் எடுத்து, உங்கள் அண்ணி ஊருக்குப் போக ஏங்குகிறாள், வந்து கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

 ஐயா, அது ஹோம் இல்லை, எங்கள் பாஷையில் ஓம், யெஸ் என்று அர்த்தம் என்று அவருடைய நல்ல காதுப் பக்கம் போய்க் கத்தினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எதற்கு யெஸ் என்று கேட்டார்.  என் வாழ்நாளில் அப்படி வாயடைத்துப் போனது அந்த ஒரு தடவைதான்.

சிறிதரன் வெள்ளிக்கிழமையே வந்து இறங்கினான், சட்டைப் பையில் கொழும்புக்குப் பிளேன் ரிக்கற். முடிச்சுக் கதையை என்னிடம் கேட்டறிந்து, வீட்டில் என் முன்னாலேயே அவளுக்குப் புத்தி சொன்னான். பட்டறைக்குப் போய்ச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வருவோம், முடிச்சைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொன்னால் போதும், யாரும் காணவில்லை, வழக்கு வந்தால் வெளிநாட்டுக்காரி நீங்கள்தான் மாட்டுவீர்கள் என்றான். சொன்னதில் பிழையில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பாமா ஓம் என்றாள். போய்ப் பெட்டியை எடுத்து அடுக்கவும் தொடங்கினாள். புருஷனுடைய சட்டைகளை மடித்து வைத்தாள், கதவோரத்தில் கிடந்த அவருடைய சப்பாத்தையும் வைத்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவளோ வேறு யாருடைய பெட்டியையோ அடுக்குகிறவள் போல அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஹொலிஸின் அறையில் நால்வரும் நின்றோம். மேசையில் அந்தத் துணி இன்னும் கிடந்தது. ஹொலிஸ் சம்பள உறையை எடுத்து நீட்டினார். முடிச்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஊருக்குப் போகிற பெண்ணிடம் கேட்டு என்ன பயன் என்று நினைத்திருப்பார். அவள் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது. வாங்கக் கையை நீட்டியவள் உறையைத் தொடாமல் துணியைத் தொட்டாள். முடிச்சை விரலால் தடவினாள்.

"அந்தப் பிள்ளை நடக்குதோ?" என்றாள்.

தமிழில்தான் கேட்டாள். அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி. நான் வாயைத் திறக்கும் முன்னே அவளே இங்கிலீஷில் திருப்பிக் கேட்டாள். ஹொலிஸ் திகைத்துப்போய், இன்னும் இல்லை, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, ஆனால் நடப்பாள் என்றார். பாமா அங்கிருந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த அந்த நல்ல இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: இதை நான்தான் கட்டினேன். இரண்டாவது முடிச்சும் நான்தான் போட்டேன். மலைக்குப் போன மற்ற வாசல்களிலும் போட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும்.

சிறிதரன் அவள் தோளைப் பிடித்தான். "அண்ணி, எழும்புங்கோ, பிளேனுக்கு நேரமாகுது."

"நான் வரேல்லைத் தம்பி," என்றாள். "உங்களிட்ட எத்தினையோ தரம் ஓம் எண்டு சொன்னனான்தான். அது நான் சொன்னதில்லை."

அவன் முகம் சிறுத்துப்போனது. தமையனின் சாயல் அவன் வாயோரத்தில் உண்டு. அது நடுங்கியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஊரில் அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்று கேட்டான். நான் சொல்லுறன் என்றாள். அவன் சிட்னிக்குத் தனியாகத் திரும்பினான். பல காலம் ரெலிபோன் எடுக்கவில்லை.

ஹொலிஸ் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சங்கத்துக்காரர்களிடம் தன் தலையைக் கொடுத்துத் தானே திட்டு வாங்கினார். மிச்ச வாசல்களை அவிழ்த்துக் கட்ட மறுநாள் காலையிலேயே பட்டறை வான் வண்டியில் அவளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று நான் வழிநெடுக முணுமுணுத்தேன்.

பனி என்றால் அழகாக இருக்கும் என்று யாரோ சொல்லி நம்பியிருந்தேன். அழகும் இல்லை, மண்ணும் இல்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளை, காது அறுந்து விழுகிற காற்று. இரண்டு தமிழ்ப் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளை ஓவர்கோட்டும் ரப்பர் சப்பாத்துமாக நின்ற கோலத்தைப் பார்த்துச் சறுக்க வந்த கூட்டம் சறுக்குவதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. தடிகளை ஓரமாகக் கிடத்தியிருந்தார்கள். பனியில் நனைந்து உறைந்த நாடா கம்பிபோல இருந்தது. கையுறையோடு பிடிபடவில்லை. பாமா கையுறையைக் கழற்றினாள். நகத்தால் கிளறி, பல்லால் கடித்து, தான் போட்ட இரண்டாவது முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பிறகு ஒற்றை முடிச்சாகக் கட்டி, இழுத்து அவிழ்த்துப் பார்த்து, மறுபடி கட்டினாள்.

நான் சில வாசல்களோடு கை சோர்ந்து வானுக்குள் ஏறிக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை. எட்டிப் பார்த்தால் விரல்கள் வெங்காயத்தோல் நிறமாகிவிட்டன, நகக்கண்ணில் இரத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பனிக்கட்டியைத் தொட்டது போல இருந்தது. கையுறையைப் போடும், இல்லாவிட்டால் விரல் கழன்றுவிடும் என்று ஏசினேன்.

அவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"நோகுது, விமலாக்கா," என்றாள். "நல்லா நோகுது."

கையை என் பிடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு, அடுத்த தடிக்குக் குனிந்தாள்.

"நோகட்டும்."