போய்விட்டதாக நான் சொன்ன பாம்பு

கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லாத ஒருத்தி, கனவில் பாம்பைக் கண்டால் அதை வெளியே சொல்லக்கூடாது. நான் சொன்னேன். அதுவும் மாமியாரிடம், காலையில் சாயா போட்டுக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் என்னை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உண்மையில் அந்தக் கனவில் ஒன்றுமே நடக்கவில்லை. அடுக்களைத் தொட்டிக்குக் கீழே ஈரத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துத் தேய்த்தேன். பயமே இல்லை. அந்த வீட்டில் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்காத ஒரே உயிர் அதுதான் என்று கனவிலேயே தோன்றியது.

நான் பிறந்த வீட்டில் பாம்புக் கனவுக்கெல்லாம் சுருக்கமான பலன்தான். கடித்தால் பீடை ஒழிந்தது, துரத்தினால் கஷ்டம் வரும், இரட்டையாகக் கண்டால் யோகம். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். புகுந்த வீடும் அதே மட்டாஞ்சேரியில், மூன்று சந்து தள்ளித்தான். அவர்களும் தமிழ்க்காரர்கள்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருந்து, தமிழ்ப் பயம் ஒரு பங்கு, மலையாளப் பயம் ஒரு பங்கு என்று இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

மாமியார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“படம் எடுத்துதா மோளே?”

“இல்லைம்மா. சும்மா கிடந்துது.”

“உன்னைப் பாத்துதா?”

“தெரியலை.”

“அதெப்பிடித் தெரியாம இருக்கும்? கண்டது நீதானே?”

அந்த வாரமே ஜோசியம் பார்க்கிற பணிக்கர் வந்தார். சோழி பரப்பினார். மாமனார் உயிரோடிருந்தபோது பின்கட்டில் ஓர் அறை கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பாம்பை அடித்துக் கொன்றார்களாம். இதை மாமியார்தான் வாய்விட்டுச் சொன்னார். பணிக்கர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு அதையே தான் கண்டுபிடித்ததுபோலத் திருப்பிச் சொன்னார். சர்ப்ப கோபம். அது வீட்டு மருமகளின் கனவில்தான் வரும். படமெடுத்து நின்றால் கோபம் தீரவில்லை என்று அர்த்தம். முதுகைக் காட்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டால் தீர்ந்தது; அதற்குப் பிறகு பிள்ளைக்குத் தடையில்லை. பாம்பும் சாகாமல் தடியும் ஒடியாமல் ஒரு தீர்ப்பு.

ஆலப்புழைப் பக்கத்தில் ஒரு பாம்புக் கோவிலுக்குப் போனோம். பிள்ளை வேண்டி வருகிறவர்கள் அங்கே ஒரு வெண்கல உருளிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். பிள்ளை பிறந்தபின் வந்து நிமிர்த்த வேண்டும். நானும் என் கணவரும் சேர்ந்து கவிழ்த்தோம்.

அதற்குப் பிறகு என் தூக்கம் எனக்குச் சொந்தமாக இல்லை. காலையில் அடுக்களைக்குள் கால் வைத்ததும், “கண்டியா?” என்று கேட்பார் மாமியார். ஒன்றும் வரவில்லை என்றால் முகம் சுருங்கிவிடும். “நல்லா மனசு வச்சுப் படு” என்பார். கனவு காண்பதற்கு மனசு எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வரவில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், வந்ததாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் புள்ளி போட்டது. ஒரு நாள் அலமாரியின் மேல், ஒரு நாள் கிணற்றடியில். எப்போதும் படமெடுத்து நிற்கும். யாராவது என்னை சீரியல் எழுதக் கூப்பிட்டிருந்தால் பிழைத்துப்போயிருப்பேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பாம்பு படமெடுத்து நின்ற நாட்களில் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. “பாவம், இவள் என்ன செய்வாள், சர்ப்பம் விடலியே” என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. என் தலையில் விழ வேண்டிய பழியை அந்தப் பாம்பு சுமந்துகொண்டிருந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை.

எனக்குப் பிள்ளை வேண்டும். வீட்டாருக்காக இல்லை, ஊர் வாய்க்காக இல்லை, எனக்கே வேண்டும். எதிர்வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் இறக்கிவிட மனசு வராது. அதனால் எறணாகுளத்தில் ஒரு லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, “உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை. ஹஸ்பண்டைக் கூட்டிட்டு வாங்க, அவருக்கும் ஒரு டெஸ்ட் பாத்துடலாம்” என்றார்.

கணவர் ஒரு மசாலாக் கிடங்கில் சூப்பர்வைசர். வீட்டுக்குள் வரும்போதே சுக்கு வாசனையோடு வருவார். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். விஷயத்தைச் சொன்னதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“சர்ப்ப கோபம் இருக்கறப்போ டெஸ்ட் எடுத்து எந்தா பிரயோஜனம்? முதல்ல அது தீரட்டும். பின்னே போலாம்.”

“தீந்தா வருவீங்களா?”

“வருவேன்.”

அவர் பயந்துபோயிருந்தார். என் கனவில் இல்லாத ஒரு பாம்புக்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளை போய் ஒளிந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் தங்கியது.

ஒரு காலையில், மாமியார் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “அம்மா, அது போயிடுச்சு. பின்வாசல் வழியா இறங்கித் திரும்பிப் பாக்காமப் போயிடுச்சு.”

மாமியார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி அவர் என்னைத் தொட்டதில்லை. அவருடைய தோள் எலும்பு என் கன்னத்தில் குத்தியது. பாயசம் வைத்தார். பணிக்கருக்குப் போன் போனது. பக்கத்து வீட்டு சேச்சிகளெல்லாம் வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு மாமியார்மேல் இரக்கமாக இருந்தது. ஆனாலும் மனசுக்குள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அடுத்த வாரம் டாக்டரிடம் போவதைத்தான்.

“எப்போ போலாம்?” என்று கணவரிடம் கேட்டேன்.

“எங்க?”

“டாக்டர்கிட்ட. தீந்தா வருவேன்னு சொன்னீங்களே.”

“இனி எதுக்கு டெஸ்ட்? அதுதான் போயிடுச்சே. தானா வரும்” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவருக்குப் பாம்பு இருந்தாலும் டெஸ்ட் வேண்டாம், போனாலும் வேண்டாம். இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மழைக்காலம் வந்தது. ஓடைத் தண்ணீர் முற்றம்வரை ஏறி வடிந்தது. மாதாமாதம் நான் ஒதுங்கி உட்காரும்போதெல்லாம் மாமியாரின் பார்வை மாறிக்கொண்டே வந்தது. கனவைப் பற்றி இப்போது அவர் கேட்பதில்லை. மோளே என்பதும் நின்றுபோய், “எடீ” என்றானது. ஒரு நாள் நாத்தனார் வந்திருந்தாள். கூடத்தில் அவர்கள் பேசியது அடுக்களைவரை கேட்டது.

“சர்ப்பம் விட்டுப் போச்சு. நம்ம பக்கத்து தோஷம் தீந்துது. பின்னே என்ன தடை? இவள்தானே பாக்கி?”

கை ஈரத்தோடு கூடத்துக்குப் போய் நின்றேன். “என்கிட்ட குறையில்லைன்னு டாக்டர் சொன்னாங்க. உங்க மகனைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்றேன். அதுவரை யாரும் அந்த வீட்டில் அப்படிப் பேசியதில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு என் அப்பாவையும் அண்ணனையும் வரவழைத்துப் பேசினார்கள். மாமியார் சத்தமே போடவில்லை. “நாங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. சர்ப்பம் போனதை அவளே கண்டு சொல்லியாச்சு” என்றார். அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“போகலை. நான் பொய் சொன்னேன். அது வரவும் இல்லை, போகவும் இல்லை” என்றேன்.

மாமியார் அப்பாவைப் பார்த்தார். “கேட்டீங்களா? இப்போதான் பொய் சொல்றா.”

கனவுக்குச் சாட்சி கிடையாது. பொய்யை நம்பினார்கள், உண்மையை நம்பவில்லை. அன்று சாயங்காலம் ஒரு பையோடு மூன்று சந்து நடந்து அண்ணன் வீட்டுக்கு வந்தேன். கணவர் வாசல்வரை வந்து நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன், அது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் சொல்லவில்லை.

கோர்ட்டில் இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம். இடக்கொச்சியில் ஒரு மீன் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறேன். ஐஸில் கைவைத்து விரலெல்லாம் வெளுத்துப்போகிறது. அந்த உருளி இன்னும் கவிழ்ந்தேதான் கிடக்கும். போய் நிமிர்த்த எனக்கு வழியில்லை. அவருக்குப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வேறு பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நான் சாபமெல்லாம் விடவில்லை. விட நினைத்தேன், முடியவில்லை.

போன மாசம் மாவு மில்லில் அவளைப் பார்த்தேன். மிளகாய் அரைக்கிற தினம் அது. வரிசையில் நின்ற எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டாள். சின்ன உருவம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. யாரென்று சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. என்னை யாரோ அவளுக்கு அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

“சேச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுக்கக்கூடாது.”

“கேளு.”

“அந்தப் பாம்பு... உங்க காலத்திலேயே போயிடுச்சாம். நெசமா?”

நான் மிளகாய்த் தகரத்தை வரிசையில் முன்னால் நகர்த்தி வைத்தேன். அவளே மேலே பேசினாள்.

“ரெண்டு வருஷம் தாண்டிப்போச்சு. தோஷமெல்லாம் முன்னேயே தீந்துது, பின்னே உனக்கென்ன கேடுன்னு அம்மா தினம் கேக்கறாங்க. எங்க வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு சேச்சி.”

“அவர் டாக்டர்கிட்ட வந்தாரா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

நான் அங்கே போட்ட பொய் இந்தப் பெண்ணின் கழுத்தில் கிடந்தது. அவள் புகுந்த அன்றைக்கே, அவளைக் காக்க அந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை. மில்காரர் என் தகரத்தை வாங்கிக் கொட்டினார். மிஷின் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

“போகலை. அங்கேயேதான் இருக்கு” என்றேன்.

“ஆனா எனக்குக் கனவே வராது சேச்சி. படுத்தா பொணம் மாதிரி தூங்குவேன்.”

“வரணும்னு இல்லை. நாளைக் காலையில அவங்க கேக்கறதுக்கு முன்னே நீ சொல்லு. பின்வாசல் வழியாத் திரும்பி வந்துதுன்னு சொல்லு. கறுப்பு. அடுக்களையில நின்னு படமெடுத்துது. உன்னைப் பாத்துதான்னு கேப்பாங்க. பாத்துதுன்னு சொல்லு. தெரியலைன்னு மட்டும் சொல்லாதே.”

அவள் உதடு அசைய ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “பின்னே? எப்போ போச்சுன்னு சொல்றது?”

“ஒருநாளும் சொல்லாதே.”

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து வந்து பையை இறக்கும்போது அண்ணி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்: “கேட்டியா, உன் பழைய வீட்டு வாசல்ல பணிக்கர் கார் நிக்குது. பாம்பு திரும்பி வந்துடுச்சாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது. நன்றாகச் சொன்னாளானால் ஒன்றரை.